மைதா பசையும் மண்டபச் சுவரும்: ஒரு வாசகியின் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

தருமபுரி நகரை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து 25 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

கவின் கலை படித்த இவர், அச்சகம் ஒன்றில் வடிவமைப்பாளராக வேலை செய்கிறார். அரசுப் பணித் தேர்வுக்கும் படித்து வருகிறார். இரண்டு ஆண்டுகளாகத் தான் வரைந்த படங்களைச் சிறு ஸ்டிக்கர்களாகவும், ஆளுயரக் காகிதச் சித்திரங்களாகவும் அச்சிட்டு, வீட்டில் மைதா பசை காய்ச்சி, விடிவதற்கு முன் சுவர்களில் ஒட்டி வருகிறார். நம் பகுதியின் நடுகற்களில் காணப்படும் வீரன்தான் அவருடைய முக்கிய உருவம். ஆனால் வாள் இருக்க வேண்டிய கையில் குடம் இருக்கும். வற்றிய ஏரிகளையும், ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரையும், அதனால் கறை படிந்த பற்களையும் பற்றி ஊர் பேச வேண்டும் என்பதே நோக்கம் என்கிறார். படங்களில் பெயர் போடுவதில்லை. மூலையில் ஒரு சிறு குடம் மட்டும் முத்திரையாக இருக்கும். அச்சிடத் தகுந்த கோப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் இலவசமாகவும் வைத்திருக்கிறார்.

சென்ற மாதம் ஒரு நாள் அதிகாலை நாலரை மணிக்கு, பிளஸ் டூ படிக்கும் இரண்டு மாணவர்களுடன் ஒரு திருமண மண்டபத்தின் சுற்றுச்சுவரில் படம் ஒட்டியபோது காவலாளியிடம் பிடிபட்டார். காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, கைப்பேசியிலிருந்த பழைய படங்களைப் பார்த்து, ‘இதுவரை இத்தனை இடங்களில் ஒட்டினேன், இனி ஒட்டமாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு, தந்தை வந்த பிறகு காலை பத்து மணிக்கு அனுப்பியிருக்கிறார்கள். சுவருக்கு மறுபடி வண்ணம் பூச 15,000 ரூபாய் தர வேண்டும், இல்லையென்றால் வழக்கு நடக்கும் என்று மண்டப உரிமையாளர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் ஓசூரில் ஒருவர் இவருடைய குடம் ஏந்திய வீரனை டி-சர்ட்டில் அச்சிட்டு விற்பதும் தெரியவந்திருக்கிறது. சிறைக்குப் போக நேருமா, பணத்தைக் கொடுத்துவிடலாமா, அரசு வேலை கிடைக்காமல் போகுமா, இலவசமாகக் கொடுத்த படத்தின் மீது இனி உரிமை உண்டா, தந்தை சொல்வதுபோல் இதை அடியோடு விட்டுவிடத்தான் வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆநிரை மீட்டு இறந்தவனுக்குக் கல் நட்ட மண்ணில், நீரை மீட்க நிற்பவனுக்கு ஓர் உருவம் கொடுத்திருக்கிறீர்கள். அது நிலைக்க வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன். ஆகவே உங்களுக்கு உவப்பில்லாத சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. என்ன சொன்னீர்கள் என்பது ஒன்று, எங்கே ஒட்டினீர்கள் என்பது மற்றொன்று. காவல் நிலையத்தில் இருந்த அந்த ஐந்தரை மணி நேரத்தில் யாரோ ‘அரசுக்கு எதிரான படம்’ என்று சொன்னதை நீங்கள் நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தச் சுமையை இறக்கி வைத்துவிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பதை அரசே ஏற்றுக்கொண்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதையும் சேர்த்து, ஜப்பானிய நிதியுதவியுடன் அதை நிறைவேற்றி 2013-இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அரசு சொன்னதையே நீங்கள் படமாகச் சொல்கிறீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமைக்குள் ஓவியமும் அடங்கும். ஒரு குறிப்பிட்ட ஆலையின் பெயரைப் போட்டு, ஆதாரம் இல்லாமல் அதுதான் ஏரியை நஞ்சாக்கியது என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு இடம் உண்டு. உங்கள் படங்கள் எதிலும் அப்படி ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த உரிமை, பிறர் சுவரை உங்களுக்குத் தருவதில்லை. ‘சினிமா சுவரொட்டியும் கட்சிச் சுவரொட்டியும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் ஒட்டாத சுவர் எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை, அவர்களை யாரும் கேட்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் நியாயமானது. வாதமாக அது நீதிமன்றத்தில் நிற்காது. பிறர் செய்த தவறு தண்டிக்கப்படவில்லை என்பதைக் காட்டித் தனக்கும் அதே சலுகை வேண்டும் என்று சமத்துவத்தின் பெயரால் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பொது இடங்களின் அழகைச் சீர்குலைப்பதைத் தடுக்க 1959-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதில் ‘விளம்பரம்’ என்ற சொல் வணிக விளம்பரத்தை மட்டும் குறிப்பதில்லை. சொற்களோ குறிகளோ கண்ணுக்குத் தெரியும் உருவங்களோ கொண்ட எந்தத் தாளும் அதில் அடங்கும். தெருவில் போகிறவர் கண்ணில் படுகிற தனியார் சுவரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் பொதுப் பார்வைக்குரிய இடம்தான். ‘நான் எதையும் விற்கவில்லையே’ என்று நீங்கள் கேட்டிருந்ததற்கு விடை இதுதான்.

பசை கழுவினால் போய்விடும் என்பது பாதி உண்மை

மைதா பசை மாவும் நீரும்தான், அதனால் சுவருக்குச் சேதமே இல்லை என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். சுவரொட்டி ஒட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெரியவர் முன்பு ஒரு வழக்கில் என் கட்சிக்காரராக இருந்தார். பசையைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அவர் சொல்லக் கேட்டது. சூடேறும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகிறது. அந்தக் கூழ் காகிதத்தின் இழைகளுக்குள்ளும் சுவரின் நுண்துளைகளுக்குள்ளும் புகுந்து காய்ந்துவிட்டால், அதன் பிறகு பிடி காகிதத்தோடு மட்டும் நிற்பதில்லை. சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில், உலர்ந்த காகிதத்தை உரித்தால் அடியிலுள்ள பூச்சும் சேர்ந்து உரிந்து வரும். எமல்ஷன் பூசிய சுவரானால், துணியை வெந்நீரில் நனைத்து ஒற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் பெரும்பாலும் தழும்பின்றிக் கழன்றுவிடும். மண்டபச் சுவரில் நடந்தது இதில் எது என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் காவலாளி அதை உலர்ந்த நிலையில் கிழித்திருக்கிறார். சட்டம் கேட்பது இதைத்தான்: உங்கள் செயலால் அந்தச் சொத்தின் மதிப்போ பயனோ குறைந்ததா, அப்படிக் குறையும் என்று தெரிந்தே செய்தீர்களா?

வினைல் ஸ்டிக்கரின் கதை வேறு. அதன் பசை நீரில் கரையாது. வெயிலில் காய்ந்த வினைல் துண்டு துண்டாக உடையும், பசை மட்டும் கறையாகத் தங்கும். சாலைப் பலகைகளின் பின்பக்கத்தில் ஒட்டினேன் என்று எழுதியதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இன்று பின்பக்கம் ஒட்டுபவரைப் பார்த்து நாளை இன்னொருவர் முன்பக்கம் ஒட்டுவார். தொப்பூர் கணவாய் வழியாகப் போகும் நாற்பத்து நாலாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு எச்சரிக்கைப் பலகை இரவில் ஒளிராமல் போனால் என்ன நடக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மின்பெட்டிகளையும் அப்படியே தவிர்த்துவிடுங்கள். கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை மலைக்கோட்டைகள் போன்ற பழஞ்சின்னங்களின் அருகே பசை வாளியோடு போகவே கூடாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சிதைப்பதற்கு, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இது என் தொழிலுக்கு வெளியே உள்ள விஷயம் என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் தெருக்களில் ஆடும் மாடும் சுவரொட்டியை உரித்துத் தின்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாவின் சுவைக்காகத்தான் தின்கின்றன. மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. செம்மறி ஆடுகளுக்கு அது சிறிதளவு போனாலும் பெருங்கேடு. அன்றன்று காய்ச்சி அன்றன்று தீர்த்துவிடும் பசைக்கு அது தேவையும் இல்லை.

சிறை, பணம், வழக்கு

உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். ஒரு தனியார் சுவரில் காகிதம் ஒட்டியதற்காக, முன்குற்றம் ஏதுமில்லாத ஒருவர் சிறையில் அடைக்கப்படுவது நான் கண்ட அளவில் நடைமுறையில் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவு சொத்துக்குக் கேடு விளைவிப்பதைப் பற்றியது. அதன் சாதாரண வடிவத்துக்கு ஆறு மாதம் வரை, சொத்துச் சேதம் நேர்ந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. சேதத்தின் மதிப்பு 20,000 ரூபாயைத் தொட்டுவிட்டால் அதே குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை தண்டனை உயர்கிறது. உரிமையாளர் கேட்கும் தொகை 15,000. இதனால்தான், ‘சேதம் இவ்வளவு’ என்று எண் எழுதிய எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1992-இல் வந்த சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் இதைவிடக் கடுமையானது. வன்முறையில் சொத்துகளை நாசமாக்குவதைத் தடுக்கவே அது வந்தது என்றாலும், அதன் சொற்கள் அகலமானவை. முதல் தகவல் அறிக்கையில் அந்தச் சட்டமும் சேர்க்கப்பட்டிருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆனால் முதல் தகவல் அறிக்கை இருக்கிறதா என்பதே உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. புகார் கொடுத்தவருக்குக் கிடைக்கும் சி.எஸ்.ஆர். ரசீது வழக்கு ஆகாது. அது புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான பதிவு மட்டுமே. தந்தையுடன் பகல் நேரத்தில் நிலையத்துக்குச் சென்று, எந்த நிலையில் இருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். காவல் துறையின் இணையதளத்திலும் முதல் தகவல் அறிக்கையைத் தேடிப் பார்க்கலாம். வழக்கு பதிவாகியிருந்தாலும், ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது வழக்கமாக முதல் படி அல்ல. குற்றவியல் நடைமுறையைச் சொல்லும் புதிய குடிமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 35-ஆம் பிரிவின்படி அறிவிப்பு கொடுத்து விசாரணைக்கு அழைப்பதே முறை. பெண் ஒருவரைச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் கைது செய்ய, விதிவிலக்கான சூழலும், பெண் அதிகாரியும், குற்றவியல் நடுவரின் முன் அனுமதியும் வேண்டும் என்று அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் சண்டை போடுவதற்காக அல்ல, நீங்கள் அச்சத்தில் எதற்கும் தலையாட்டாமல் இருப்பதற்காக. எழுதிக் கொடுத்த கடிதத்தை எண்ணிக் கலங்குகிறீர்கள். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக நிறுவ முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவிலும் மாறாத விதி.

பணத்தைப் பொறுத்தவரை, உரிமையாளரை எதிரியாகப் பார்க்காதீர்கள். ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதியிருந்த சுவர் அது. முகூர்த்த நாள் நெருங்கும்போது வாசலில் கிழிந்த காகிதம் தொங்கினால் யாருக்கும் கோபம் வரும். அதே வேளையில், நேர்ந்த சேதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவுதான் இழப்பீடு. ஆறடிக்கு மூன்றடி ஒட்டியதற்காகச் சுற்றுச்சுவர் முழுவதும் வண்ணம் பூசும் செலவைச் சுமக்க வேண்டியதில்லை. பணத்தை வசூலித்துத் தருவது காவல் நிலையத்தின் வேலையும் இல்லை. தந்தையோ ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவரோ உடன் வர, நேரில் போய் வருத்தம் தெரிவியுங்கள். அந்தப் பகுதியை நீங்களே சுத்தம் செய்து, அதே வண்ணத்தில் பூசிக் கொடுக்க முன்வாருங்கள். அதை அவர் ஏற்காவிட்டால், வண்ணம் பூசுபவர் ஒருவரிடம் மதிப்பீடு வாங்கி அந்தத் தொகையைக் கொடுங்கள். இழப்பு தனியார் ஒருவருக்கு மட்டும் நேர்ந்திருந்தால், இந்த வகைக் குற்றத்தை அவரே சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

அரசு வேலைக்கு வருகிறேன். வழக்கே பதிவாகவில்லை என்றால் விண்ணப்பத்தில் குறிப்பிட ஏதுமில்லை. பதிவாகியிருந்தால் மறைக்காதீர்கள். 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறு குற்றங்களை இளமையின் தவறாகக் கருதிப் பொறுத்துக்கொள்ள வேலை தருபவருக்கு இடமுண்டு என்றும், கேட்ட விவரத்தைத் தெரிந்தே மறைப்பது தனியான குறை என்றும் விளக்கியிருக்கிறது. வழக்கைவிட மறைப்புதான் பலரின் வேலையைப் பறித்திருக்கிறது.

அந்த இரண்டு மாணவர்கள்

உங்கள் கடிதத்தில் நான்கு வரியில் முடிந்துவிட்ட விஷயம் இது. எனக்கோ இதுதான் பெரிதாகப் படுகிறது. அவர்களுக்குப் பதினேழு வயது. விருப்பத்தோடு வந்தார்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் பதினெட்டு நிறையாதவரின் விருப்பம் சட்டத்தின் முன் உங்களுக்குக் கேடயம் ஆகாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி அவர்களைக் காவல் நிலைய அறையில் அடைக்கவோ சிறைக்கு அனுப்பவோ கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். அதன் முடிவால் எதிர்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் நேராது என்று பொதுவாக அந்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. கொடுங்குற்றம் அல்லாதவற்றில் சிறார் மீது முதல் தகவல் அறிக்கையே பதிவு செய்வதில்லை என்பது மத்திய மாதிரி விதிகளின் நிலை. அதற்கு அந்த விதியே சொல்லும் விலக்குகளில் ஒன்று, பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம். நீங்கள் உடன் இருந்ததாலேயே அவர்களுடைய பாதுகாப்பு குறைகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவர்களுடைய பெற்றோருக்கு அன்று நடந்தது தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு வழியில் தெரியவருவதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். இனி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க விரும்பினால் பகலில், பெற்றோரின் எழுத்து அனுமதியுடன், அனுமதி பெற்ற சுவரில் மட்டும் செய்யுங்கள். லினோ வெட்டுவதும், மெழுகுத் தாளில் அச்சு எடுப்பதும், பசை காய்ச்சுவதும் பள்ளியின் கலை வகுப்பிலேயே நடக்கலாம்.

இலவசமாகக் கொடுத்த படம் யாருடையது?

இங்கே உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. இணையத்தில் இலவசமாக வைத்ததால் உரிமை போய்விட்டது என்று நினைப்பது தவறு. நீங்கள் வரைந்த கணத்திலேயே, எந்தப் பதிவும் இல்லாமல், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு அந்தப் படத்துக்கு வந்துவிடுகிறது. ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னது ஓர் அனுமதி. அனுமதியின் எல்லை எது என்பதை எழுதி வைக்காததுதான் பிழை. ஓசூர் வியாபாரி ‘எதற்கு வேண்டுமானாலும் என்றுதானே போட்டிருந்தது’ என்று சொல்லக்கூடும். இன்றே கோப்புகளின் கீழ், பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைகள் கொண்ட கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைச் சேருங்கள். அது இனி எடுப்பவர்களைக் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே எடுத்தவருக்கு, முதல் ஓவியங்களின் தேதியுள்ள கோப்புகளையும் பென்சில் வரைவுகளையும் கையில் வைத்துக்கொண்டு, விற்பனையை நிறுத்தும்படியோ பங்கு தரும்படியோ கேட்டு ஓர் அறிவிப்பு அனுப்பலாம். நீங்களே அந்தப் படத்தைத் துணியிலும் பையிலும் அச்சிட்டு விற்க நினைத்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். ஒரு வடிவம் 50-க்கும் மேற்பட்ட பொருள்களில் தொழில்முறையில் பதிக்கப்படும்போது பதிப்புரிமையும் வடிவமைப்புச் சட்டமும் ஒன்றையொன்று இடிக்கும் இடம் அது.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அனுமதியின்றி ஒட்டிய படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று நம் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. ஆனால் வழக்காட வேண்டுமென்றால் ‘குடம் முத்திரை என்னுடையது’ என்று கையெழுத்திட்டு நீங்கள் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். அதே வரி, அந்த முத்திரை இருக்கும் எல்லாச் சுவர்களுக்கும் உங்களைப் பொறுப்பாளி ஆக்கும். முகம் மறைத்துச் செய்வது பாதுகாப்பு என்று நீங்கள் எழுதியதன் மறுபக்கம் இது.

நடுகல் வீரனைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். நூற்றாண்டுகள் பழைமையான உருவத்துக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள கற்களை நேரில் பார்த்து வரைந்ததாகச் சொல்கிறீர்கள், அது முழுவதும் உங்கள் படைப்பே. ஆனால் ‘குடம் சுமக்கும் பாட்டி’ படத்தை நாளிதழ் ஒன்றில் வந்த புகைப்படத்திலிருந்து எடுத்தேன் என்கிறீர்கள். அந்தக் கோப்பை உடனே இறக்கிவிடுங்கள். 1989-இல் சாதாரண ஸ்டிக்கரில் தொடங்கித் தெரு ஓவிய உலகில் பெரும் பெயர் பெற்ற அமெரிக்க ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரி, 2008-இல் ஒபாமாவின் முகத்தை வரைந்து வெளியிட்ட சுவரொட்டி, அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஒரு புகைப்படத்தை ஆதாரமாகக் கொண்டது. பதிப்புரிமைத் தகராறு 2011-இல் சமரசத்தில் முடிந்தது. ஆனால் எந்தப் புகைப்படம் என்பதை மறைக்கச் சான்றுகளை அழித்ததற்கும் பொய்யாக உருவாக்கியதற்கும், 2012-இல் அவருக்கு இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. படத்தை எங்கிருந்து எடுத்தோம் என்பதை எழுதி வைக்கும் பழக்கம் தொடக்கத்திலேயே வேண்டும்.

விடத்தான் வேண்டுமா?

வேண்டாம். உங்கள் தந்தையின் அச்சம் படத்தைப் பற்றியதல்ல என்று நினைக்கிறேன். மகள் இருட்டில் தெருவில் நிற்பதையும் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்ததையும் பற்றியது. பகலில், கேட்டு வாங்கிய சுவரில், அவரையே ஏணி பிடிக்கச் சொல்லி ஒட்டினால் அந்த அச்சத்தில் பெரும்பகுதி தணியும்.

அனுமதி கேட்டால் தெரு ஓவியத்தின் உயிர் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுகல் எடுக்கும் முறையைப் பழைய இலக்கணம் ஆறு படிகளாகச் சொல்லும்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் கண்டு, நாள் குறித்து, நீராட்டி, அதன் பிறகே நடுகிறார்கள். ஊர் கூடிச் செய்ததால்தான் அந்தக் கற்கள் பல நம் வயல் வரப்புகளில் இன்றும் நிற்கின்றன. அனுமதி கேட்பதை அந்த முதல் படியாக நினைத்துப் பாருங்கள். சென்னை கண்ணகி நகரில் அரசுக் குடியிருப்புச் சுவர்கள் முழுவதும் ஓவியங்களானது மாநகராட்சியின் ஒத்துழைப்போடுதான். அதனால் அந்தப் படங்களின் வீரியம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தனியார் சுவர் என்றால் குடியிருப்பவரிடம் கேட்பது போதாது. கட்டடத்தின் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். சுவரின் இடம், படத்தின் அளவு, எத்தனை நாள் இருக்கும், யார் நீக்குவது, பூச்சு உரிந்தால் யார் சரிசெய்வது ஆகியவற்றை அரைப் பக்கத்தில் எழுதி, ஒட்டுவதற்கு முன் எடுத்த புகைப்படத்தோடு இருவரும் ஒவ்வொரு படி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது அந்தத் தாள் பையில் இருக்கட்டும். நகராட்சிச் சுவருக்கு ஆணையரிடமும், பள்ளிச் சுவருக்குத் தலைமையாசிரியர் வழியாகக் கல்வித் துறையிடமும் மனுக் கொடுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. ஊராட்சிகளில் இதைவிட எளிது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்றும் இப்போது கிராம சபை கூடுகிறது. உங்கள் குடம் ஏந்திய வீரனுக்கு அதைவிடப் பொருத்தமான மேடை எது? நீர்த்தொட்டிச் சுவரையோ ஊராட்சிக் கட்டடத்தையோ கேட்டுத் தீர்மானமாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள். தேர்தல் அறிவிப்பு வெளியான பிறகு மட்டும் எந்தச் சுவரையும் தொடாதீர்கள். அக்காலத்தில் வேட்பாளரையோ கட்சியையோ சார்ந்தோ எதிர்த்தோ பொருள்படும் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் உங்களோடு உங்கள் அச்சக முதலாளியும் சிக்கிக்கொள்வார்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: முதலில் மாணவர்களின் பெற்றோர், அடுத்து காவல் நிலையத்தில் நிலவரம், அதன் பின் மண்டப உரிமையாளர். அவரோடு பேசி முடித்தால், சுவர் சரிசெய்யப்பட்டது, மேற்கொண்டு கோரிக்கை இல்லை, புகாரை நடத்த விருப்பமில்லை என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கைமாற வேண்டாம். கையெழுத்திடும் முன் அந்தத் தாளை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. அந்த இரண்டு மாணவர்களுக்கும் அதே உரிமை இருக்கிறது. நேரில் போக முடியாத நாளில் 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.